வரலாற்று ஆசிரியருக்கு அமெரிக்கா என்ன தருகிறது?

1917ஆம் ஆண்டில் பெல், மெக்கல்லம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டெக்சஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 1,500 மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றில் ஒரு தேர்வு வைத்தார்கள். கடினமான கேள்விகள் எவையும் இல்லை. எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய பெயர்களும் ஆண்டுகளும்தான். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 33. விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனையும், உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய ஜெஃபர்சன் டேவிஸையும் ஒரே ஆளாக எண்ணியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

1943இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் 7,000 பேரிடம் இதே போன்ற தேர்வை நடத்திவிட்டு அதிர்ச்சியோடு செய்தி வெளியிட்டது. 1976இல், நாட்டின் இருநூறாவது ஆண்டு விழாவையொட்டி, மறுபடியும் ஒரு தேர்வு, மறுபடியும் அதிர்ச்சி. 1987இல் டயான் ரவிட்ச், செஸ்டர் ஃபின் இருவரும் பதினேழு வயதினரின் அறியாமையைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 விழுக்காட்டினர் மட்டுமே தேர்ச்சி நிலையை எட்டினர். 40 விழுக்காட்டினர் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தனர். சராசரிப் புள்ளி 2014இல் 267, 2018இல் 263, 2022இல் 258.

2022இன் சரிவு உண்மையானது, கவலைக்குரியது. ஆனால் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கல்வியாளர் சாம் வைன்பர்க் அதற்கு முன்பே, 1917 முதல் நடந்த இந்தத் தேர்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்து ஒன்றைச் சொன்னார்: ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகளுக்கு வரலாறு தெரியவில்லை என்று வருந்தியிருக்கிறது, அப்படி வருந்தியவர்களின் இளமைக்காலத் தேர்வு முடிவுகளும் இதே நிலையில்தான் இருந்திருக்கின்றன. இழந்துவிட்டதாகச் சொல்லப்படும் பொற்காலம் ஒன்று இருந்ததே இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: மாணவருக்கு என்ன தெரியவில்லை என்று நூறாண்டாகக் கேட்டுவரும் நாடு, அந்த மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியரின் கையில் என்ன இருக்கிறது என்று மிக அரிதாகவே கேட்டிருக்கிறது.

அமெரிக்காவுக்குத் தேசியப் பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே வருவதில்லை. அது மாநிலங்களின் பொறுப்பு. பள்ளிகளில் இன்னதைத்தான் கற்பிக்க வேண்டும் என்று ஆணையிட மத்திய அரசுக்குச் சட்டமே தடை போடுகிறது. மாநிலங்கள் பாடத்தரங்களை வகுக்கின்றன. சுமார் 13,000 கல்வி மாவட்டங்கள் அவற்றைத் தத்தம் போக்கில் நடைமுறைப்படுத்துகின்றன. இந்த அடுக்குகளையெல்லாம் தாண்டி வந்து சேரும் இடத்தில் நிற்பவர் ஓர் ஆசிரியர். உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு நாளொன்றுக்கு ஐந்து வகுப்புகள் இருப்பது வழக்கம். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து முப்பது பிள்ளைகள். ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் நூற்றைம்பது கட்டுரைகள் திருத்த வேண்டும். பல பள்ளிகளில் அவரே கால்பந்து அணிக்கோ கூடைப்பந்து அணிக்கோ பயிற்சியாளராகவும் இருப்பார். பயிற்சியாளர் பணிக்கு ஆள் எடுத்துவிட்டுக் கையோடு ஒரு வரலாற்று வகுப்பையும் கொடுத்துவிடுவார்கள் என்பது அந்நாட்டில் எல்லோருக்கும் பழகிப்போன பேச்சு. 2015–16 கல்வியாண்டில் மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையம் நடத்திய ஆய்வின்படி, அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் வகுப்பறைப் பொருள்களுக்குத் தம் கைக்காசைச் செலவழித்தனர். சராசரியாக 479 டாலர்.

அரசியல்வாதிகளின் கவனமோ எப்போதும் வேறோர் இடத்தில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தேசிய வரலாற்றுத் தரங்கள் உருவாக்கப்பட்டன. அவை யாரையும் கட்டுப்படுத்தாதவை, விரும்பிய மாநிலங்கள் எடுத்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேரி நாஷ், ஷார்லட் கிராப்ட்ரீ தலைமையில், பள்ளி ஆசிரியர்களும் வரலாற்றாய்வாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய ஆவணம் அது. 1994 அக்டோபரில், அது வெளிவரும் முன்பே, லின் சேனி வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் அதைக் கடுமையாகத் தாக்கினார். அந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய நிறுவனத்தின் முன்னாள் தலைவர் அவரேதான். அடிமைகளின் விடுதலைக்குப் போராடிய ஹேரியட் டப்மன் ஆறு முறை வருகிறார், உள்நாட்டுப் போரின் வடதரப்புத் தளபதி கிராண்ட் ஒரே முறை, தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீ ஒருமுறைகூட இல்லை என்று பெயர்களை எண்ணிக் காட்டினார். 1995 ஜனவரியில் செனட் சபை 99க்கு 1 என்ற வாக்கில் அந்தத் தரங்களைக் கண்டித்தது. எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவரும், கண்டனம் போதாது என்பதால்தான் எதிர்த்தார்.

அதன் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சேனி எண்ணிய பெயர்களில் பல, தரங்களில் இருந்தவை அல்ல. தரங்களோடு சேர்த்திருந்த வகுப்பறை எடுத்துக்காட்டுகளில் இருந்தவை. ‘இந்தப் பகுதியை ஆறாம் வகுப்பில் இப்படி நடத்தலாம், இந்தக் கடிதத்தைக் கொடுத்து இந்தக் கேள்வியைக் கேட்கலாம்’ என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் பிற ஆசிரியர்களுக்காக எழுதிய குறிப்புகள் அவை. 1996இல் திருத்திய பதிப்பு வந்தபோது, சச்சரவைத் தவிர்க்க, அந்த எடுத்துக்காட்டுகள் அத்தனையும் நீக்கப்பட்டன. ஆவணம் பிழைத்தது. ஆனால் அதில் ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்பட்டிருக்கக்கூடிய பகுதிதான் பலியானது.

வரலாற்று ஆசிரியருக்கு உதவுவது என்றால் என்ன என்பதை அரசுகளுக்கு வெகு முன்பே, அரசு உதவி ஏதுமின்றிப் புரிந்துகொண்டு செயல்பட்டவர் ஒருவர் இருந்தார்: கார்ட்டர் ஜி. வுட்சன். அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோரின் மகன். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். 1912இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்துக்குப் பிறகும் வாஷிங்டனின் கறுப்பினப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1915இல் கறுப்பின வரலாற்றை ஆராய்வதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தை அறிமுகப்படுத்தினார். இன்று பிப்ரவரி முழுவதும் கொண்டாடப்படும் கறுப்பின வரலாற்று மாதத்தின் வேர் அதுதான்.

கொண்டாட்டத்தை மட்டும் அறிவித்துவிட்டு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அந்த வாரத்தை நடத்த ஓர் ஆசிரியருக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்தார். படங்கள், சிறு நாடகங்கள், வாசிக்க வேண்டியவற்றின் பட்டியல், பாடக்குறிப்புகள் ஆகியவற்றைத் தொகுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார். 1937இல், கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லவுட் பெத்யூனின் தூண்டுதலால், ஆசிரியர்களுக்கென்றே கறுப்பின வரலாற்று மடல் என்னும் இதழைத் தொடங்கினார். ஆய்வாளர்களுக்காக அவரிடம் ஏற்கெனவே ஓர் ஆய்விதழ் இருந்தது. வகுப்பறைக்கு வேறோர் இதழ் வேண்டும் என்பதையும், அது ஆய்வின் தரத்தில் இறங்காமல் ஆசிரியரின் நேரத்தை மதித்து எழுதப்பட வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். வுட்சன் தன் சங்கத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, கூட்டமைப்பு மகளிர் சங்கம் என்ற தென்மாநில அமைப்பு பாடநூல்களை அளக்கும் கோல் ஒன்றைப் பரப்பி, உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமை முறைதான் என்று எழுதும் நூல்களை ஒதுக்கச் சொல்லி நூலகங்களையும் பள்ளி வாரியங்களையும் நெருக்கத் தொடங்கியிருந்தது.

ஜார்விஸ் கிவன்ஸ் 2021இல் வெளியிட்ட ஆய்வு நூலில், 1930களில் லூசியானாவின் ஒரு கறுப்பினப் பள்ளியில் பணிபுரிந்த ஆசிரியை ஒருவரைப் பற்றிய மாணவர் நினைவு பதிவாகியிருக்கிறது. மாநிலம் அனுப்பிய பாடக்குறிப்பு அவருடைய மேசைமேல் திறந்திருக்கும். மடியில் வுட்சனின் நூல். மடியிலிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். பள்ளித் தலைவர் உள்ளே வந்தால் கண்கள் மேசைக்குத் திரும்பிவிடும். வேலை போகக்கூடிய நிலையிலும் அந்த ஆசிரியை துணிந்தார் என்றால், துணிச்சலோடு சேர்ந்து, மடியில் வைக்கத்தக்க ஒரு நூலும் அவருக்கு இருந்தது. அதை எழுதி அச்சிட்டு அவரிடம் கொண்டுசேர்க்க ஒருவர் இருந்தார். ஆசிரியருக்கான ஆதரவு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மத்திய அரசின் பெருந்தொகை இந்தத் திசையில் வந்த காலம் ஒன்று உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் 2001ஆம் நிதியாண்டுக்கு 5 கோடி டாலரை அமெரிக்க வரலாறு கற்பித்தலுக்கென ஒதுக்க வைத்தார். அடுத்த ஆண்டு அது இரட்டிப்பாகி, பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கோடியாக உயர்ந்தது. அந்தத் திட்டத்தின் பத்தாண்டுச் செலவு நூறு கோடி டாலரை நெருங்கியது. இளமையில் கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பில் இருந்து, 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்க அவையில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பேசி, பின்னாளில் இரண்டுக்கும் வருந்தியவர் பேர்ட். அவர் ஒதுக்கிய பணத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் குடிமை உரிமைகள் இயக்கத்தின் ஆவணங்களைப் படித்தார்கள்.

பேர்டின் நிபந்தனைகளில் ஒன்று விவாதத்துக்குரியது, ஒன்று மிகச் சிறந்தது. சமூக அறிவியலின் ஒரு பகுதியாக இல்லாமல் வரலாற்றைத் தனிப்பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்றார்; அது 1916 முதலே அமெரிக்கக் கல்வியாளர்களிடையே ஓயாமல் நடந்துவரும் சண்டை. மற்றொன்று, கல்வி மாவட்டம் தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், நூலகம் அல்லது வரலாற்று அமைப்போடு கூட்டுச் சேர வேண்டும். இதனால் கோடை விடுமுறையில் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆவணங்களை வாசிக்கும் பயிலரங்குகள் நாடெங்கும் உருவாயின. சில இடங்களில் பேராசிரியர் வந்து சொற்பொழிவாற்றிவிட்டுப் போனதோடு சரி; திங்கட்கிழமை வகுப்பில் அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வேறு சில இடங்களில் உண்மையான உறவு வளர்ந்து, பேராசிரியர்கள் தம் கல்லூரி வகுப்புகளையே ஆசிரியர்களிடம் கற்றுக்கொண்ட முறையில் மாற்றினார்கள். திட்டத்தை மதிப்பிட வந்தவர்கள் மாணவர் மதிப்பெண்களில் உறுதியான விளைவைக் காட்ட இயலாமல் திணறினார்கள். பல மாநிலங்களில் ஒப்பிட்டுப் பார்க்க வரலாற்றுத் தேர்வே இல்லை, இருந்தவையும் சரியான விடையைக் குறியிடச் சொல்லும் தேர்வுகள். பேர்ட் 2010இல் இறந்தார். 2011இல் நிதி பாதிக்கும் கீழாக வெட்டப்பட்டது, 2012இல் நின்றேபோனது.

பேர்டின் பணம் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வரலாற்றுக்கான நேரம் போய்க்கொண்டிருந்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் வாசிப்பையும் கணிதத்தையும் ஆண்டுதோறும் சோதித்தது. அவற்றின் முடிவை வைத்துப் பள்ளிகளுக்குத் தண்டனையும் உண்டு. தலைமையாசிரியர்கள் செய்தது எதிர்பார்க்கக்கூடியதே. தொடக்க வகுப்புகளில் சமூக அறிவியலுக்கு இருந்த நேரத்தை எடுத்து வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில்தான் மதிப்பெண் அழுத்தம் மிகுதி. ஆகவே அவர்கள்தான் வரலாற்றை மிகுதியாக இழந்தார்கள். எட்டாம் வகுப்பில் திடீரென்று உள்நாட்டுப் போரைச் சந்திக்கும் பிள்ளைக்கு அதற்கு முந்தைய உலகம் எதுவும் அறிமுகமாகியிருப்பதில்லை.

வாசிப்புக்காக வரலாற்றை வெட்டியது எவ்வளவு பெரிய தவறு என்பதை வைன்பர்க் குழுவின் பணியே காட்டுகிறது. 1991இல் அவர் வெளியிட்ட ஆய்வில் எட்டு வரலாற்றாய்வாளர்களும் எட்டுத் திறமையான பள்ளி மாணவர்களும் 1775இன் லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களை வாய்விட்டுச் சிந்தித்தபடி வாசித்தார்கள். அமெரிக்கப் புரட்சியைப் பற்றிய தகவல்களில் சில மாணவர்கள் சில ஆய்வாளர்களைவிட மேலாகவே இருந்தார்கள். ஏனெனில் அந்த ஆய்வாளர்களின் துறை வேறு. ஆனாலும் ஆய்வாளரின் கண் முதலில் போன இடம் ஆவணத்தின் அடி: யார் எழுதியது, எப்போது, யாருக்காக? மாணவரோ முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார். எழுதியவர் யார் என்பது அவருக்குப் பொருட்டாகவே தோன்றவில்லை.

இந்தப் பழக்கத்தைக் கற்பிக்க முடியும் என்று நம்பி, ஸ்டான்ஃபோர்ட் குழு வரலாற்றாய்வாளரைப் போல வாசிக்கப் பழக்கும் பாடங்களை எழுதி இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. ஒரு பாடத்தை மட்டும் பார்ப்போம். பவ்ஹாட்டன் பழங்குடித் தலைவரின் மகள் போக்கஹான்டஸ், ஆங்கிலேயக் குடியேற்றக்காரர் ஜான் ஸ்மித்தின் உயிரை உண்மையிலேயே காப்பாற்றினாளா? டிஸ்னி படம் பார்த்த எல்லாக் குழந்தைகளுக்கும் விடை தெரியும். ஆசிரியர் இரண்டு தாள்களைக் கொடுக்கிறார். இரண்டும் ஸ்மித் எழுதியவை. 1608இல் எழுதியதில், பவ்ஹாட்டன் தலைவர் தன்னை நட்போடு வரவேற்று உணவு தந்ததாகச் சொல்கிறார். கொலை முயற்சியும் இல்லை, காப்பாற்றிய பெண்ணும் இல்லை. 1624இல் எழுதியதில், தன் தலையைக் கல்லின்மேல் வைத்து அடிக்கப் போனார்கள், அந்தப் பெண் தன் தலையைக் குறுக்கே வைத்துக் காத்தாள் என்கிறார். அதற்குள் போக்கஹான்டஸ் இங்கிலாந்து சென்று அரசவையில் புகழ்பெற்று 1617இல் இறந்தும்விட்டாள். ஸ்மித் புகழுக்காகப் பின்னாளில் கதை கட்டினாரா? அல்லது 1608இல் குடியேற்றக்காரர்களை அச்சுறுத்த வேண்டாமென்று மறைத்தாரா? ஆய்வாளர்களே இரு பிரிவாக நிற்கிறார்கள்; அவர்கள் எழுதியவையும் மாணவருக்குத் தரப்படுகின்றன. மணி அடிக்கும்போது விடை முடிவாகியிருக்காது. ஆனால் ஒரே மனிதர் பதினாறு ஆண்டு இடைவெளியில் ஒரே நிகழ்ச்சியை ஏன் இரண்டு விதமாகச் சொல்வார் என்று யோசித்த பிள்ளை, இனி ஒரு தாளை வாங்கியவுடன் எழுதியவர் பெயரைத் தேடும்.

அவிஷாக் ரைஸ்மன் இந்த முறையை சான் ஃபிரான்சிஸ்கோவின் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் 236 பேரிடம் ஆறு மாதம் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார். வரலாற்றுச் சிந்தனையில், இந்த முறையில் படித்தவர்கள் முன்னேறியது வியப்பில்லை. தகவலறிவிலும், பொதுவான வாசிப்புத் திறனிலும்கூட ஒப்பீட்டு வகுப்புகளைவிட மேலாக வந்தார்கள். வாசிப்பு மதிப்பெண்ணுக்காக வரலாற்றைக் கைவிட்ட தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய முடிவு இது. இந்தப் பாடங்களை நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடை தெரியாத கேள்வியோடு முப்பது பிள்ளைகள்முன் நிற்பது எளிதல்ல. பாடநூலைப் பார்த்து வாசிப்பது எளிது.

இன்றைய ஆசிரியர்கள் உண்மையில் எதை வைத்துக் கற்பிக்கிறார்கள்? 1884இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வரலாற்றுக் கழகம் ஒன்பது மாநிலங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கேட்டு 2024இல் அறிக்கை வெளியிட்டது. பாடநூலின் பிடி வெகுவாகத் தளர்ந்திருக்கிறது. காங்கிரஸ் நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், ஸ்மித்சோனியன் போன்ற பொது நிறுவனங்கள் இணையத்தில் இலவசமாகத் தரும் ஆவணங்களைத்தான் ஆசிரியர்கள் பெரிதும் நம்புகிறார்கள். வலதுசாரிகள் சொல்வதுபோல் நாட்டை வெறுக்கவோ, இடதுசாரிகள் அஞ்சுவதுபோல் அடிமை முறையை மறைக்கவோ பெரும்பாலான ஆசிரியர்கள் கற்பிக்கவில்லை என்றது அறிக்கை. இரு தரப்பும் எழுப்பிய கூச்சலுக்கு நடுவே பெரும்பாலான ஆசிரியர்கள் நேர்மையாகத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் கூச்சல் அவர்களைத் தொடாமல் இல்லை. 2019இல் நியூயார்க் டைம்ஸ் அடிமை முறையை மையமாக வைத்து 1619 திட்டத்தை வெளியிட்டது. அதற்கு மறுப்பாக டிரம்ப் அமைத்த 1776 ஆணையம் 2021 ஜனவரி 18இல் அறிக்கை தந்தது. இரண்டே நாளில் பைடன் அந்த ஆணையத்தைக் கலைத்தார். அதன்பின் டெக்சஸ், டென்னசி, ஓக்லஹோமா, அயோவா என்று பல மாநிலங்கள் இனத்தைப் பற்றி எதை எப்படிக் கற்பிக்கக் கூடாது என்று சட்டமியற்றின. டெக்சஸின் ஒரு கல்வி மாவட்டத்தில், யூதப் படுகொலையைப் பற்றிய நூல் வைத்தால் மாற்றுக் கருத்துள்ள நூலையும் வைக்க வேண்டும் என்று அதிகாரி ஒருவர் ஆசிரியர்களிடம் சொன்னது 2021 அக்டோபரில் ஒலிப்பதிவாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது. சட்டம் அதைக் கேட்கவில்லை. சட்டத்தின் மங்கலான சொற்கள் அப்படி ஓர் அச்சத்தை உண்டாக்கின. ராண்ட் நிறுவனம் 2023இல் நடத்திய ஆய்வில், அரசியல், சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய பேச்சைக் குறைத்துக்கொண்டதாக 65 விழுக்காடு ஆசிரியர்கள் சொன்னார்கள். கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இது. தன் மாநிலத்தில் சட்டமே இல்லாத ஆசிரியரும் வாயை மூடிக்கொள்கிறார்.

இந்தியர்களும் இந்த இழுபறியில் பங்கெடுத்ததுண்டு. கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பில் பண்டைய இந்தியா ஒரு பாடம். 2005–06இலும் 2016இலும் சாதி, ஆரியர் வருகை, ‘இந்தியா’ என்பதா ‘தெற்காசியா’ என்பதா போன்ற கேள்விகளுக்காக இந்து அமைப்புகளும் தெற்காசிய ஆய்வாளர்களும் மாநிலக் கல்வி வாரியத்தின்முன் கடுமையாக மோதினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் சாட்சியங்கள் குவிந்தன. அந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு இந்தியாவைப் பற்றிப் படிக்க ஒரு கோடைக்கால வாய்ப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதில் ஒரு பங்கு ஆற்றல்கூடச் செலவாகவில்லை என்பதே என் வருத்தம்.

2025 ஏப்ரலில், வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கு நிதியளிக்கும் மத்திய அமைப்பான தேசிய மானுடக் கல்வி நிதியம், ஏற்கெனவே வழங்கியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை ஒரேயடியாக ரத்துசெய்தது. ஆசிரியர்களுக்கான கோடைப் பயிலரங்குகளைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வந்தது அந்த நிதியம்தான். அடி வாங்கியவற்றில் தேசிய வரலாற்று நாள் போட்டியும் ஒன்று. 1974இல் கிளீவ்லண்டில் பேராசிரியர் டேவிட் வான் டாசல் நூற்றுச் சொச்சம் மாணவர்களோடு தொடங்கிய அந்தப் போட்டியில் இன்று ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஆசிரியர்களின் துணையோடு, ஆவணங்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து கண்காட்சியும் நாடகமும் ஆவணப்படமும் செய்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கல்வித்துறை தேசபக்திக் கல்விக்கு மானியங்களில் முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தது. 250ஆவது சுதந்திர ஆண்டான 2026ஐ முன்னிட்டு வரலாற்றுக்கென்று பணம் மறுபடியும் வரத் தொடங்கியது. முடிவு இன்னதென்று முன்பே எழுதிவிட்ட பணம், ஜான் ஸ்மித்தின் இரண்டு தாள்களையும் அருகருகே வைக்க ஆசிரியரை விடுமா என்பதுதான் அதன் சோதனை.

பேர்ட் திட்டத்தை அதன் குறைகளோடும் மீட்டெடுக்கலாம். இம்முறை, வகுப்பறைக்கு ஆசிரியரோடு சேர்ந்தே போய் உதவும் ஏற்பாட்டோடு. அதற்கு வாஷிங்டன் மனம் வைக்க வேண்டும். ஆனால் இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரலாற்றுக்கு என்பதை வாஷிங்டன் முடிவு செய்வதில்லை. அதைப் பதின்மூன்றாயிரம் பள்ளி வாரியங்களில் ஒவ்வொன்றும் தன் அடுத்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம். அந்தக் கூட்டங்களில் பேசப் பெற்றோருக்கு உரிமை உண்டு. பாடநூல்களை நீக்கக் கோரி அங்கே வரிசையில் நிற்பவர்கள், பறிபோன நேரத்தைத் திரும்பக் கேட்டும் நிற்கலாம்.